மூளைக் கட்டி, ஸ்கான், நனோ: வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைக்குள் கட்டி என்று ஸ்கான் ரிப்போட் வந்த அன்றிரவே வீட்டில் யாரோ ஒருவர் போனில் தேடத் தொடங்கிவிடுவார். தேடினால் "நனோ" என்ற சொல் வந்து விழும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சில பதில்கள் நீளம். போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு பற்றிய பதிலை மட்டும் தவறாமல் வாசியுங்கள்.

நனோ எண்டால் என்ன? காலபோகத்துக்குத் தந்த நனோ உரமும் இதுவும் ஒண்டோ?

சொல் ஒன்றுதான், பொருள் வேறு. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்த பிறகு இந்தியாவில் இருந்து நனோ நைட்ரஜன் திரவம் இறக்கப்பட்டது. வன்னிக் கமக்காரர் பலரின் காதில் "நனோ" முதலில் விழுந்தது அப்போதுதான். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நனோ என்பது வெறும் அளவு. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பு 80,000 முதல் 100,000 நனோமீற்றர், இரத்தச் சிவப்பணு 7,000 முதல் 8,000 வரை. எம்.ஆர்.ஐ.க்கு (காந்தத்தால் படம் எடுக்கும் ஸ்கான்) ஏற்றுகிற இரும்புத் துணிக்கை 30 அளவில் நிற்கும். அந்தத் துணிக்கையை ஒரு நெல்மணி அளவுக்குப் பெருப்பித்தால், உண்மையான நெல்மணி ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு ஒரு குளக்கட்டுப் போலக் கிடக்கும்.

அளவு ஏன் முக்கியம் என்றால், ஏறத்தாழ 5 முதல் 7 நனோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகள் சிறுநீரகத்தால் வடிந்து சிறுநீரோடு போய்விடும். அதைவிடப் பெரியவை இரத்தத்தில் சுற்றி, கடைசியில் ஈரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். மருந்து செய்கிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

மருந்தை ஊசியால ஏத்தினால் மூளைக்குப் போகும்தானே. பிறகேன் இந்தக் கஷ்டம்?

பெரும்பாலான மருந்துகள் போகாது. உடம்பின் மற்ற இடங்களில் இரத்தக் குழாயின் சுவரில் நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். மூளையில் அந்தச் சுவரின் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி நிற்கும். ஒட்சிசன், கொழுப்பில் கரையும் சில சின்ன மூலக்கூறுகள், தனி வாசல் உள்ள குளுக்கோசு போன்றவை மட்டும் கடக்கும். இதைக் குருதி மூளைத் தடுப்பு என்பார்கள். குளக்கட்டையும் துருசையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டு எங்கும் உறுதி, துருசு வழியாக அளந்துதான் தண்ணீர் வெளியே போகும்.

கட்டி வளர்ந்த இடத்தில் இந்தக் கட்டு கசியும். ஸ்கானில் மருந்து ஏற்றியதும் கட்டி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கசிவுதான். ஆனால் கசிவது கட்டியின் நடுப்பகுதியில். விளிம்பைத் தாண்டி நல்ல மூளைக்குள் ஊர்ந்துபோன கலங்கள் இருக்கும் இடத்தில் கட்டு இன்னும் உறுதியாகவே நிற்கிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டி வெட்டிய பிறகு திரும்ப முளைப்பது பெரும்பாலும் வெட்டிய விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள். எந்தப் புதிய முறையைக் கேள்விப்பட்டாலும் "கட்டு உடையாத விளிம்புக்கு இது போகுதோ?" என்று கேளுங்கள். பெரும்பாலான அறிவிப்புகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

நனோத் துணிக்கை கட்டியைத் தானாகத் தேடிப் பிடிக்கும் எண்டு போட்டிருக்கினம். உண்மையோ?

படத்தில் அப்படித்தான் வரைந்திருப்பார்கள். இரத்தத்துக்குள் போன சில நிமிடங்களிலேயே புரதங்கள் துணிக்கையின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். கட்டியை அடையாளம் காண மேலே பூசிய பொருள் அந்தப் புரதப் போர்வைக்குள் மறைந்துவிடும். பிறகு ஈரலின் விழுங்கு கலங்கள் அதைக் குப்பை என்று பிடித்து உள்ளே இழுக்கும். பத்தாண்டு கால விலங்குப் பரிசோதனைகளைத் திரட்டி 2016 இல் வந்த ஒரு கணக்கில், ஏற்றிய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். அதுவும் உடம்பின் எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்த கணக்கு. மூளைக்கு இன்னும் கடினம்.

போகவே போகாது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில், கிளியோபிளாஸ்டோமா திரும்ப வந்த 8 பேருக்குத் தங்கத் துணிக்கை மேல் மரபுப் பொருள் கட்டிய மருந்தை நரம்பில் ஏற்றி, பிறகு கட்டியை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். கட்டிக் கலங்களுக்குள் தங்கம் இருந்தது. 2021 இல் வெளிவந்த அந்த முடிவு "உள்ளே போனது" என்று காட்டுகிறது. "குணமாக்கியது" என்று காட்டவில்லை. இரண்டுக்கும் இடையில் பல வருட வேலை இருக்கிறது.

அப்ப இண்டைக்கு நோயாளிக்கு உண்மையா உதவுறது எது?

படம் பிடிப்பதில்தான் நனோ இன்று அதிகம் உதவுகிறது. சிகிச்சையில் குறைவு.

எம்.ஆர்.ஐ.க்கு இரும்புத் துணிக்கை ஏத்துறது எப்பிடி?

வடக்கில் வழமையான ஸ்கானுக்குப் போடுவது கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. ஒரு கிலோ நிறைக்கு 0.1 மில்லிமோல், அதாவது 60 கிலோ ஆளுக்கு வழமையான கரைசலில் 12 மில்லிலீற்றர். சில நிமிடங்களில் கட்டி தெரியும். ஆனால் மருந்து கெதியாக வடிந்துவிடும்.

இரும்புத் துணிக்கை வேறு மாதிரி. ஃபெருமொக்சிற்றோல் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2009 இல் அனுமதி கிடைத்தது சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக. அந்த அனுமதி ஸ்கானுக்கு இல்லை, ஸ்கானுக்குப் பல வருடங்கள் வைத்தியரின் தனிப்பட்ட தீர்மானத்தில்தான் பயன்படுத்தினார்கள். ஒரு குப்பியில் 17 மில்லிலீற்றர், அதில் 510 மில்லிகிராம் இரும்பு. கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் 60 கிலோ ஆளுக்கு 10 மில்லிலீற்றர் வரும். அதைச் சேலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் ஆளைக் கட்டிலில் வைத்து இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமையால் இறப்புகள் நடந்ததால் 2015 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெட்டி கட்டிய எச்சரிக்கை போட்டது. பல மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர் இதைத் தவிர்ப்பது நல்லது. அடிக்கடி இரத்தம் ஏற்றுகிற தலசீமியாக்காரரின் உடம்பில் ஏற்கெனவே இரும்பு மிஞ்சிக் கிடக்கும், அவருக்கும் இது பொருந்தாது.

துணிக்கை முதல் நாள் இரத்தக் குழாய்க்குள்ளேயே நிற்கும். அப்போது எடுத்தால் குழாய்களின் படம் தெளிவாக வரும். ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் கட்டிக்குள் உள்ள விழுங்கு கலங்களில் சேர்ந்திருக்கும். அப்போது எடுத்தால் கட்டி தெரியும். ஆகவே இது காலையில் பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பி வருகிற ஸ்கான் இல்லை. முல்லைத்தீவில் இருந்து வருகிறவர் தங்க இடம் பார்த்துவிட்டே வர வேண்டும். இன்னொன்று, அந்த இரும்பு 3 மாதம் வரை அடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை மாற்றிக் காட்டும். ஈரலை ஸ்கான் செய்யப் போனாலும் சொல்லிவிட வேண்டும். கிளினிக் கொப்பியில் திகதியும் அளவும் எழுதுவித்து வாங்குங்கள்.

அம்மாவுக்குக் கிட்னி வருத்தம். ஸ்கான் மருந்து ஏத்தலாமோ?

அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் போலவே வவுனியாவிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. கமம் செய்கிறவர்களிடம் அதிகம். வருத்தம் முற்றும் வரை ஆளுக்கே தெரியாது. அதனால் வயது போனவர், நீரிழிவு உள்ளவர், அந்தப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர் எல்லாரும் ஸ்கானுக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே என்றால், பழைய நேர்ச்சங்கிலி வகைக் கடோலினியம் ஆபத்து. தோல் தடித்து மூட்டுகள் மடக்க முடியாமல் போகிற ஒரு நோய் அதனால் வரலாம் என்று 2006 இல் கண்டுபிடித்தார்கள். வளைய வடிவக் கடோலினியத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஐரோப்பாவில் 2017 இல் நேர்ச்சங்கிலி வகைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தினார்கள். எந்த வகை போடப்போகிறார்கள் என்று கேட்பதில் பிழையே இல்லை.

இரும்புத் துணிக்கையின் உண்மையான பெறுமதி இங்கேதான். அது சிறுநீரகத்தை நம்பி வெளியேறுவதில்லை. ஈரலும் மண்ணீரலும் உடைத்து, உடம்பின் இரும்புச் சேமிப்பில் சேர்த்துவிடும்.

அப்பாவின்ர உடம்பில 2009 இல பட்ட செல் துண்டு இருக்கு. எம்.ஆர்.ஐ.க்குள்ள விடலாமோ?

முதலில் சொல்லுங்கள். வன்னியில் இதைச் சொல்லாமல் விடுகிறவர் ஏராளம். "சின்னத் துண்டுதானே, 15 வருசமா ஒண்டும் செய்யேல்லை" என்பார்கள். பழைய வைத்தியசாலைத் துண்டு இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். சொன்னால் வேறு பிரச்சினை வருமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. ஸ்கான் அறையில் நிற்கிறவருக்கு எப்படி, எங்கே பட்டது என்ற கதை தேவையில்லை, உலோகம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும்.

1.5 ரெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. மோட்டார் செல்லின் ஓடு இரும்பு அல்லது உருக்கு. அது காந்தத்தால் இழுபடும். துப்பாக்கி ரவை ஈயமும் செம்பும் மட்டும் என்றால் இழுபடாது. ஆனால் ஏ.கே. ரகத் துப்பாக்கி ரவைகள் பலவற்றின் நடுவில் உருக்கு இருக்கிறது. ஆகவே "ரவைதான், செல் இல்லை" என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

செய்ய வேண்டியது இது. தலைக்கு நேரேயும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உடம்பில் தழும்பு உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் எடுக்க வேண்டும். கண்ணுக்கு அருகில் பட்டிருந்தால் கண்குழிக்குத் தனியாக எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் உலோகம் இருப்பது தெரியும், இரும்பா ஈயமா என்று தெரியாது. கைக்காந்தத்தைத் தோலில் பிடித்துப் பார்ப்பதில் ஆழத்தில் உள்ள துண்டுக்குப் பயன் இல்லை. தசைக்குள் பழைய துண்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிப் பிடித்திருக்கும், அது அசைவது அரிது. கண்ணில், மூளையில், முள்ளந்தண்டில், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. அந்த இடங்களில் இருந்தால் கதிரியக்க வைத்திய நிபுணர் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யை விட்டு, மருந்து ஏற்றிய சி.ரி. ஸ்கானுக்குப் போவார். உள்ளே விடுவது என்று முடிவானால் 3 ரெஸ்லாவை விட 1.5 நல்லது. கட்டிலை மெதுவாக நகர்த்த வேண்டும், ஏனென்றால் இழுவை அதிகமாக இருப்பது குழாயின் வாசலில்தான். இழுப்பதுபோலவோ சுடுவதுபோலவோ இருந்தால் உடனே அமத்துவதற்கு ஆளின் கையில் ரப்பர்ப் பந்தைக் கொடுத்திருப்பார்கள். அதைப் பழக்கிவிட்டு அனுப்புங்கள். செயற்கைக் கால் போட்டிருப்பவர் அதை அறைக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும். உள்ளே போக வேறு சக்கர நாற்காலி தருவார்கள், வெளியில் இருந்து தள்ளி வந்ததை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

நனோவோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், 2, 3 மில்லிமீற்றர் இரும்புத் துண்டு தன்னைச் சுற்றிச் சென்ரிமீற்றர் கணக்கில் படத்தைக் கறுப்பாக்கிவிடும். இரும்புத் துணிக்கையும் சில வகைப் படங்களில் கறுப்பாகவே தெரியும். துண்டுக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. அப்படியானவருக்கு இரும்பு ஏற்றினால் செலவும் ஆபத்தும்தான் மிச்சம்.

வெட்டும்போது கட்டியை ஒளிர வைக்கிறார்களாமே?

ஒளிர வைக்கிறார்கள், ஆனால் இன்று பயன்படுவது நனோ இல்லை. 5-ஏ.எல்.ஏ. என்ற தூளைத் தண்ணீரில் கரைத்து, மயக்க மருந்துக்கு ஏறத்தாழ 3 மணித்தியாலம் முன் குடிக்கக் கொடுப்பார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம். 1.5 கிராம் குப்பியை 50 மில்லிலீற்றரில் கரைத்தால் 60 கிலோ ஆளுக்கு 40 மில்லிலீற்றர். நுணுக்குக்காட்டியில் நீல ஒளி விழும்போது கட்டிக் கலங்கள் சிவப்பாகத் தெரியும். ஜேர்மனியில் நடந்து 2006 இல் வெளிவந்த பரிசோதனையில், இதைப் பயன்படுத்தியவர்களில் 65 சதவீதமானோருக்கு ஸ்கானில் வெள்ளையாகத் தெரிந்த கட்டி முழுதாக எடுபட்டது, சாதாரண வெளிச்சத்தில் வெட்டியவர்களில் 36. குடித்த பிறகு ஒரு நாளாவது வெயிலும் பிரகாசமான விளக்கும் படாமல் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தோல் எரியும். புதிதாக வரும் ஒவ்வொரு நனோ ஒளிர்பொருளும் இந்தத் தூளை வெல்ல வேண்டும். இன்னும் எதுவும் வெல்லவில்லை என்பது எங்கள் கணிப்பு.

நனோ முந்தக்கூடிய இடம் ஒன்று உண்டு. மண்டையைத் திறந்து மூளைத் தண்ணீர் வடிந்ததும் மூளை கீழே இறங்கும், சில வேளை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல். முதல் நாள் எடுத்த படத்தை வைத்து வழிகாட்டும் கருவி அப்போது பிழையான இடத்தைக் காட்டும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. இருக்கும் இடங்களில் நடுவில் மீண்டும் படம் எடுக்கலாம். ஆனால் கடோலினியத்தை அப்போது திரும்ப ஏற்றினால், வெட்டிய இடத்தில் கசிந்து, மிச்சக் கட்டி போலக் காட்டும். முதல் நாள் ஏற்றிய இரும்புத் துணிக்கை கட்டிக்குள்ளேயே நிற்பதால் திரும்ப ஏற்றத் தேவையில்லை.

ஒளிரும் சிலிக்கா நனோப் புள்ளிகள் மனிதரில் சோதிக்கப்பட்டுள்ளன, 6, 7 நனோமீற்றர் அளவு, பெரும்பாலும் சிறுநீரோடு போகும். குவாண்டம் புள்ளிகள் என்ற இன்னொரு வகை ஒளிரும் நனோத் துணிக்கைகளுக்கு 2023 இல் நோபல் பரிசு கிடைத்தது. பல வகைகளில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதால் மனித மூளைக்கு அவை இப்போதைக்கு இல்லை.

காந்தத்தால சூடாக்கிக் கட்டியை எரிக்கிற முறை?

ஜேர்மனியில் வந்தது, 2010 இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. ஏறத்தாழ 12 நனோமீற்றர் இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைத் திரவத்தை ஊசியால் நேரே கட்டிக்குள் பாய்ச்சுவார்கள், ஆகவே குருதி மூளைத் தடுப்பைக் கடக்கும் பிரச்சினை இல்லை. பிறகு தலையை ஒரு செக்கனுக்கு 100,000 தரம் திசை மாறும் காந்தப் புலத்துக்குள் வைப்பார்கள். ஒரு தடவை ஒரு மணித்தியாலம், மொத்தம் 6 தடவை, கூடவே கதிர்ச் சிகிச்சை. கட்டி திரும்ப வந்த 59 பேரில், திரும்ப வந்த நாளில் இருந்து நடுத்தர ஆயுள் 13.4 மாதம் என்று 2011 இல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்தப் பரிசோதனையில் இல்லை, அதனால் அந்த இலக்கத்தை அளவோடுதான் நம்ப வேண்டும். நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. கட்டியில் இருந்து 40 சென்ரிமீற்றருக்குள் உள்ள உலோகம் எல்லாம், பல்லில் அடைத்தது வரை, கழற்ற வேண்டும். பாய்ச்சிய இரும்பு நிரந்தரமாக அங்கேயே கிடப்பதால் பிறகு எம்.ஆர்.ஐ. கறுத்துப்போகும், சி.ரி.யில்தான் பார்க்க முடியும். தலையிலோ கழுத்திலோ செல் துண்டு உள்ளவருக்கு இது வழியே இல்லை.

கதிர்ச் சிகிச்சையோட நனோ?

பிரான்சில் செய்த கடோலினியத் துணிக்கை ஒன்று உண்டு, 5 நனோமீற்றர் அளவு. மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேரில், முழு மூளைக் கதிரோடு முதற்கட்டமாகக் கிலோவுக்கு 15 முதல் 100 மில்லிகிராம் வரை சோதித்தார்கள். ஸ்கானிலும் தெரியும், கதிரின் தாக்கத்தையும் அந்த இடத்தில் கூட்டும் என்பது எண்ணம். இன்னும் பரிசோதனைதான்.

அல்ட்ராசவுண்டால தடுப்பைத் திறக்கலாமோ?

இதில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். மண்டை ஓட்டுக்குள் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, நரம்பில் நுண்குமிழிகளை ஏற்றி ஒலி அனுப்பினால், குமிழி விரிந்து சுருங்கித் தடுப்பைக் கொஞ்ச நேரம் நெகிழ்த்தும். அந்த இடைவெளியில், புரதத்தோடு கட்டி 130 நனோமீற்றர் அளவில் செய்த பக்லிடக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். 2023 இல் வெளிவந்த சிகாகோ முடிவில் 17 பேர். ஒலி பட்ட மூளைப் பகுதியில் மருந்தின் செறிவு ஏறத்தாழ 3.7 மடங்கு கூடியிருந்தது. தடுப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடுகிறது, அதனால் மருந்தைத் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். துருசைத் திறந்து தண்ணீர் விடுவது போலத்தான், நேரம் பிழைத்தால் வயலுக்குப் போகாது. விளிம்புக் கலங்கள் பற்றி மேலே கேட்ட கேள்விக்கு நேரே பதில் தேடுகிற முறை இதுதான்.

"நனோ தங்க பஸ்பம்" எண்டு வட்சப்பில வருது. வாங்கலாமோ?

வேண்டாம். பஸ்பத்தில் நனோ அளவுத் துணிக்கை இருக்கக்கூடும், அதற்காக அது கட்டிக்குப் போகும் என்று அர்த்தம் இல்லை. வாயால் குடித்தது குடலையும் ஈரலையும் தாண்டி, பிறகு மூளைத் தடுப்பையும் தாண்ட வேண்டும். பாதரசமோ ஈயமோ கலந்திருந்தால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் முற்றாகப் போகும். அதைவிட ஆபத்து, இதை நம்பி, மூளை வீக்கத்தைக் குறைக்கத் தந்த டெக்சாமெதசோன் குளிசையைச் சடுதியாக நிறுத்துவது. மூளை வீக்கம் திரும்பி ஆள் மயங்கிப் போகலாம்.

இதெல்லாம் எங்க கிடைக்கும்?

மேலே சொன்ன சோதனை முறைகள் வெளிநாட்டு ஆய்வு மையங்களில். இங்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் மூளைச் சத்திரசிகிச்சைக்கு, தெல்லிப்பளையும் மகரகமவும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு. ஹோமாகமவில் உள்ள நனோ தொழினுட்ப நிறுவனம் 2008 இல் தொடங்கியது, ஆனால் அது ஆய்வுகூடம், நோயாளியை அங்கே கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டுச் சோதனையில் சேர்த்துவிடுகிறோம் என்று காசு கேட்டால் சந்தேகப்படுங்கள். முறையான சோதனைகள் பெரும்பாலும் புதிய மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை.

கொழும்புக்குப் போகேக்க என்ன கொண்டு போக வேணும்?

ரிப்போட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சீடி வேண்டும். சத்திரசிகிச்சை வைத்தியர் கட்டியின் விளிம்பைத் தானே பார்த்துத்தான் முடிவெடுப்பார். கடைசிக் கிரியற்றினின், அது எடுத்த திகதியோடு. செல் துண்டு எக்ஸ்ரே. குடிக்கிற குளிசைகளின் உறைகள், பெயர் எழுதிய தாளை விட உறைகளே நல்லது. முன்பு ஏதாவது ஸ்கான் மருந்துக்கு உடம்பு கடித்ததோ, வாந்தி எடுத்ததோ என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள். சீடி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட முன்னரே போட்டுப் பாருங்கள். திறக்காத சீடியோடு கொழும்பு வரை போய், அதே ஸ்கானைத் திரும்ப எடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.